முந்நூறு மில்லி ஆம்பியர் கௌரவம்

ஏகப்பனார் மகளிர் கல்லூரி விடுதியின் கிரைண்டர் ஆள் பார்த்துத்தான் ஷாக் அடிக்கும் என்று நிர்வாகம் நம்பியது. புகாரை விசாரிக்க வந்த முதல்வர் சத்தியமூர்த்தி, தடித்த ரப்பர் அடி வைத்த ஷூவோடு நின்று அதன்மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று மாவு வழிக்கும் சமையல்காரி யூஜினியாவை மட்டும் அது அடித்தது. ஆகவே கோளாறு யூஜினியாவிடம் இருக்கலாம் என்றொரு கருத்தும் அலுவலகத்தில் நிலவியது.

காரைக்குடியிலிருந்து கொத்தமங்கலம் போகிற வழியில் இருந்த அந்தக் கல்லூரியில் ஆரோக்கிய ஷீலா தமிழ் சொல்லிக்கொடுத்தார். வளாகத்திலேயே குடியிருந்ததால் விடுதித் துணைக் காப்பாளர் வேலையையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். ஒரு நாள் காலையில் சமையற்கட்டில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டு ஓடிப்போனவர், யூஜினியா சுவரோரம் சரிந்து கிடப்பதைப் பார்த்தார். வலது கை விரல்கள் மடங்கியபடியே இருந்தன. நீவிவிட்ட பிறகுதான் ஒவ்வொன்றாக விரிந்தன.

"பிடிச்சு இழுத்தாப்புல இருந்துச்சு டீச்சர். விடவும் முடியல. அந்தோணியார்தான் தள்ளிவிட்டாரு" என்றார் யூஜினியா. பிறகு எழுந்து, பிள்ளைகளுக்கு நேரமாகிறது என்று மறுபடியும் கிரைண்டர் பக்கம் போனார். ஷீலா அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

கல்லூரி எலக்ட்ரீஷியன் முத்துக்கண்ணன் வந்து கிரைண்டரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "ஒரு ஆர்.சி.சி.பி. வாங்கிக் குடுங்க மேடம், கரண்டப் பிரிச்சு அனுப்புற டி.பி. பெட்டியில மாட்டிர்றேன். ஆனா பெட்டிச் சாவி ஆபீஸ்ல இருக்கு. ஆர்டர் இல்லாம தரமாட்டாக" என்றார்.

அது என்ன பொருள் என்று இயற்பியல் துறை அருண் ஜோசப்பிடம் ஷீலா கேட்டார். அருண் ஜோசப் சேர்ந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தது. வகுப்பில் நன்றாகப் பாடம் நடத்துவார் என்று பெயர்.

"போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சரியா இருக்கான்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும் மேடம். கொஞ்சம் கரண்டு மனுச உடம்பு வழியாத் தரைக்குப் போச்சுன்னா கணக்கு இடிக்கும்ல, அந்த நிமிஷமே இணைப்பை அறுத்து விட்டுரும். ஆள் தப்பிச்சுக்கலாம். முப்பது மில்லி ஆம்பியர்னு கேட்டு வாங்கணும். முந்நூறு மில்லின்னும் ஒண்ணு இருக்கு. அது கட்டடம் தீப்பிடிக்காம இருக்கிறதுக்கு. அது கட்டாகிற வரைக்கும் ஆள் தாங்க மாட்டாக."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். கடைத்தெருவுல எந்த எலக்ட்ரிக்கல் கடையிலயும் கிடைக்கும்."

ஷீலா அன்று மத்தியானமே முதல்வர் அறைக்குப் போனார். தானே வாங்கி வந்து தருவதாகவும், சாவியை மட்டும் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார்.

முதல்வர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் மேடம். அதனால அவசரப்படக் கூடாது. நீங்க பாட்டுக்கு ஒண்ண வாங்கிட்டு வந்து மாட்டிட்டீகன்னு வைங்க, நாளைக்கு அதனால யாராவது உயிர் பிழைச்சா யார் பொறுப்பு ஏத்துக்கிறது?"

ஷீலா சாவி இல்லாமலே வெளியே வந்தார்.

மறுவாரமே 'மின் பாதுகாப்புக் கருவித் தெரிவுக் குழு' அமைக்கப்பட்டது. கல்லூரிச் செயலர் ஆதித்தன் தலைவர். கல்லூரியை ஆரம்பித்த ஏகப்பனாரின் பேரன் அவர். வெளிநாட்டில் நிர்வாகம் படித்துவிட்டு, 'விஷன்' என்ற சொல்லோடு திரும்பி வந்திருந்தார். முதல்வரும் தேர்வுக் கட்டுப்பாட்டாளரும் உறுப்பினர்கள். தொழில்நுட்ப ஆலோசனைக்கு அருண் ஜோசப். ஷீலாவைப் புகார்தாரர் என்ற முறையில் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

முதல் கூட்டத்தில், கருவியில் ஏசி டைப், ஏ டைப், பி டைப் என்று மூன்று வகை உண்டு என்று அருண் ஜோசப் ஆரம்பித்தார்.

"ஏசியா?" என்றார் செயலர். "சமையக்கட்டுக்கு எதுக்கு ஏசி?"

செயலர் அறைக்கும் முதல்வர் அறைக்கும் தவிர வேறெங்கும் ஏசி வைப்பதில்லை என்ற தீர்மானம் ஏற்கெனவே இருப்பதை முதல்வர் நினைவூட்டினார். ஏசி டைப் நிராகரிக்கப்பட்டது.

"பி டைப்பும் வேணாம்" என்றார் செயலர். "நம்ம ஏ கிரேடு காலேஜு. ஆய்வுக் குழு வந்து பெட்டியத் திறந்து பார்த்து, உள்ள பி இருந்தா என்ன நினைப்பாக?"

ஏ டைப் ஒருமனதாகத் தேர்வானது. அருண் ஜோசப் ஷீலா பக்கம் சாய்ந்து, "சரியானதத்தான் எடுத்திருக்காக மேடம். காரணத்தை மட்டும் கேக்காதீக" என்று முணுமுணுத்தார்.

அடுத்து மில்லி ஆம்பியர் வந்தது. முப்பது, நூறு, முந்நூறு என்று பலகையில் எழுதிக் காட்டப்பட்டது. செயலர் நீண்ட நேரம் முப்பதையே பார்த்தார். தன் குடும்பத்தை யாரோ குறைத்துப் பேசிவிட்டதைப் போல அவர் முகம் இருந்தது.

"பக்கத்துக் காலேஜுல எத்தனை வச்சிருக்காக?"

"நூறுன்னு கேள்வி சார்" என்றார் முதல்வர்.

"அப்ப நம்ம முந்நூறு."

ஷீலா எழுந்தார். "சார், முப்பதுதான் ஆளைக் காப்பாத்தும்னு சொன்னாக. முந்நூறு வச்சா யூஜினியாக்காவுக்கு..."

"யாரு சொன்னாக?"

ஷீலா அருண் ஜோசப்பைப் பார்த்தார். செயலரும் அவரைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க தம்பி. முந்நூறு முப்பதைவிடப் பெருசா, இல்லையா?"

"பெருசுதான் சார்."

"எத்தனை மடங்கு?"

"பத்து மடங்கு சார்."

"பாருங்க மேடம். நீங்க கேட்டதைவிடப் பத்து மடங்கு பாதுகாப்பு தாரோம். அதுக்கும் குறை சொல்றீக." செயலரின் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

வெளியே வராந்தாவில் அருண் ஜோசப் ஷீலாவின் கண்ணைப் பார்க்காமல் பேசினார். "நான் பொய் சொல்லல மேடம். கேட்டதுக்குப் பதில் சொன்னேன். எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல."

"யூஜினியாக்காவுக்கும்தான் ஆகல" என்றார் ஷீலா.

இரண்டாவது கூட்டம் கருவிக்குத் தமிழ்ப்பெயர் வைப்பதற்காகக் கூடியது. இதில் ஷீலா துறை சார்ந்த நிபுணர் என்பதால் மேசைக்கு அருகிலேயே நாற்காலி கிடைத்தது. கூட்டம் சீக்கிரம் முடியட்டும் என்று, "மின்கசிவுத் துண்டிப்பான்" என்று எளிதாகச் சொன்னார்.

தேர்வுக் கட்டுப்பாட்டாளர் சட்டென்று நிமிர்ந்தார். "கசிவுங்கிற வார்த்தைய ஏன் இங்க கொண்டு வாரீக? போன வருஷம் நடந்தது கசிவே இல்ல. வினாத்தாள் கொஞ்சம் முன்கூட்டியே மாணவிகள் கைக்குப் போயிருச்சு, அவ்வளவுதான்."

இது வினாத்தாளைப் பற்றியது அல்ல என்று ஷீலா விளக்கினார். விளக்க விளக்கக் கட்டுப்பாட்டாளரின் முகம் சிவந்தது. கடைசியில், இனி எந்தக் கல்லூரி ஆவணத்திலும் 'கசிவு' என்ற சொல் வரக்கூடாது என்று தீர்மானமாயிற்று. 'துண்டிப்பு' அமங்கலம் என்று செயலர் சொன்னார். மிச்சம் இருந்தது 'மின்' மட்டும். அதோடு ஓர் அரணைச் சேர்த்து 'மின்னரண்' என்று வைத்தார்கள்.

கருவியில் ஒரு பட்டன் இருக்கிறது, சரியாக வேலை செய்கிறதா என்று அவ்வப்போது அதை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று அருண் ஜோசப் தயங்கித் தயங்கிச் சொன்னார். பட்டனின் பெயர் என்ன என்று கட்டுப்பாட்டாளர் கேட்டார். டெஸ்ட் பட்டன்.

"டெஸ்ட்டுன்னா அது என் துறைக்குள்ள வருது" என்றார் அவர். "ஒற்றைப்படை செமஸ்டர்ல ஒரு தடவை, இரட்டைப்படை செமஸ்டர்ல ஒரு தடவை, என் முன்னிலையில அமுக்கணும். வேற யாரும் தொட்டா முறைகேடாத்தான் கருத வேண்டியிருக்கும்."

குழு பெயர் வைத்துக்கொண்டிருந்த காலத்தில் யூஜினியா ஒரு பழைய கதவுப் பலகையைக் கிரைண்டருக்கு முன்னால் போட்டு, அதன்மேல் நின்று மாவாட்டினார். பலகையும் நாளாக நாளாக ஈரத்தில் ஊறியது. ஷீலா தினமும் விடியற்காலையில் எழுந்துபோய், யூஜினியா மாவு வழிக்கிற நேரம் முழுக்க சுவிட்சின்மேல் கைவைத்தபடி நின்றார். யூஜினியாவின் முகம் கொஞ்சம் சுளித்தாலும் அணைத்துவிடுவார். பாதி நாள் அது வெறும் தும்மலாக இருந்தது. தமிழ்த்துறையில் முதல் வகுப்பு தூக்கக் கலக்கத்தோடு நடந்தது.

குழுவும் சும்மா இருந்துவிடவில்லை. இடைக்கால நடவடிக்கையாக ஒரு சுற்றறிக்கை வந்தது. சமையற்கட்டில் ஈரம் அறவே தவிர்க்கப்பட வேண்டும் என்றும், குறிப்பாக மாவு ஆட்டும்போது தண்ணீர் பயன்படுத்துவதைப் பணியாளர்கள் கைவிட வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஷீலா வாசித்துக் காட்டினார்.

"தண்ணியில்லாம ஆட்டுனா இட்லி வராது டீச்சர், கோலப்பொடிதான் வரும்" என்றார் யூஜினியா. "அவுகளுக்கு அதையே அவிச்சு வைப்போமா?"

ஒருவழியாக மூன்றாவது கூட்டத்தில் கருவியை எங்கே மாட்டுவது என்ற பேச்சு வந்தது. சமையற்கட்டில் என்று ஷீலா சொன்னபோது எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"இவ்வளவு பேர் இவ்வளவு நாள் உழைச்சு ஒண்ணு கொண்டு வாரோம்" என்றார் செயலர். "அதக் கொண்டுபோயி அடுப்புக்குப் பக்கத்துல மாட்டுனா யாரு பாப்பாக? கலையரங்கத்துல மாட்டுவோம். ஒரு திறப்பு விழா வைப்போம். சமையக்கட்டு அடுத்த கட்டம்."

"அதுவரைக்கும் யூஜினியாக்கா?"

"அவுகளையும் விழாவுக்குக் கூப்பிடுங்க" என்றார் செயலர் தாராளமாக.

அழைப்பிதழ் அச்சாகி, விருந்தினர்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கருவியை இன்னும் வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. முத்துக்கண்ணனைக் கடைக்கு அனுப்பினார்கள். கடையில் முந்நூறு மில்லி இல்லை. வரவழைக்க நாளாகும் என்றார்கள். இருந்ததெல்லாம் முப்பதுதான். முதல்வர் கலங்கிப்போய், பிறகு தெளிந்தார். முப்பதை வாங்கி மாட்டச் சொல்லி, கலையரங்கப் பெட்டிக்கு மேலே 'மின்னரண் 300' என்று பித்தளைப் பலகை அடித்து வைத்தார். செயலருக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக அவர் கருதவில்லை.

விழா அன்று மேடையில் இரும்புக் குழாயில் வளைவு நிறுத்தி, சீரியல் பல்பு சுற்றி, பூச்சரம் தொங்கவிட்டிருந்தார்கள். பூ வாடாமல் இருக்க அடிக்கடி தண்ணீர் தெளித்ததில் மேடைத் தரையும் நனைந்திருந்தது. குத்துவிளக்கு ஏற்றுவதற்காகச் செருப்பைக் கழற்றிய செயலர், அப்படியே வெறுங்காலோடு மைக் முன்னால் வந்தார்.

"பாதுகாப்புங்கிறது எங்க ரத்தத்துல ஓடுது" என்று ஆரம்பித்தார். "எங்க ஐயா ஏகப்பனார் இந்தக் கல்லூரிய ஆரம்பிச்ச காலத்துல இங்க ஒருத்தருக்கும் ஷாக் அடிச்சதில்ல."

அந்தக் காலத்தில் கல்லூரிக்குக் கரண்ட் வந்திருக்கவில்லை. மாணவிகள் கைதட்டினார்கள். தட்டச் சொல்லியிருந்தார்கள்.

"ஒரு உயிருகூடப் போயிறக் கூடாதுங்கிறதுக்காக ஒவ்வொரு கூட்டத்துக்கும் நானே தலைமை வகிச்சேன். பெருமையாச் சொல்றேன், இத்தனை மாசத்துல நாம ஒரு முடிவைக்கூட அவசரப்பட்டு எடுக்கல. சிலபேரு சின்னதாச் சிந்திச்சாக. முப்பது போதும்னாக. நான் சொன்னேன், என் பிள்ளைகளுக்கு முந்நூறு. இந்த மின்னரண் இருக்கிற வரைக்கும்..."

இந்த இடத்தில் அவர் ஒரு கையை உயர்த்தி, பக்கத்திலிருந்த வளைவைப் பெருமிதமாகப் பிடித்தார். தொண்டையிலிருந்து பாதிச் சொல் வெளியே வந்தது. தோள் ஒருமுறை குலுங்கியது. பெட்டிக்குள் 'டக்' என்றது. விளக்குகள், விசிறிகள், மைக் எல்லாம் அடங்கின.

மங்கலான வெளிச்சத்தில் செயலர் தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். உயிரோடு நின்றார். அதைப் பற்றி அவருக்கு மகிழ்ச்சி ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

"யாரு கரண்ட நிப்பாட்டுனது?" என்றார். மைக் இல்லாததால் முன்வரிசைக்கு மட்டும் கேட்டது.

முத்துக்கண்ணன் ஓடிப்போய்க் கருவியின் விசையை மேலே தள்ளினார். செயலர் பிடித்து இழுத்ததில் பல்பு ஒயர் ஈரத்தரையில் சரிந்து கிடந்ததால் அது மறுபடியும் கீழே விழுந்தது. சீரியல் பல்பைக் கழற்றும் வரை அது நிற்கவில்லை. அதற்குள் விருந்தினர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

பின்வரிசையில் ஷீலாவுக்குப் பக்கத்தில் அருண் ஜோசப் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். மாட்டியது முப்பதுதான் என்று முத்துக்கண்ணன் இருவரிடமும் சொல்லியிருந்தார். "முந்நூறு வாங்கியிருந்தா இந்நேரம் இரங்கல் கூட்டம் மேடம்" என்றார் மெதுவாக.

"எந்திரிச்சுப் போயிச் சொல்லுங்க."

அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் விசாரணை நடந்தது. கருவிகள் செய்யும் குற்றங்களுக்குக் கல்லூரி விதிகளில் தனிப் பகுதி இல்லாததால், ஊழியர்களுக்கான விதிகளையே பின்பற்றுவது என்று முதல்வர் முடிவு செய்தார். முன்னறிவிப்பு இன்றிப் பணியை நிறுத்தியது, சிறப்பு விருந்தினர் முன்னிலையில் நிர்வாகத்தை அவமதித்தது, திருப்பி இயக்கியும் பணிய மறுத்தது ஆகியவை குற்றச்சாட்டுகள். கருவி ஒரு தட்டில் மேசைமேல் வைக்கப்பட்டிருந்தது. தொழில்நுட்ப ஆலோசகரின் கருத்தைக் கேட்டபோது, கருவி தன் இயல்புப்படி நடந்துகொண்டது என்றார் அருண் ஜோசப். இயல்பே சரியில்லை என்று முதல்வர் எழுதிக்கொண்டார்.

பிறகு ஷீலாவைக் கேட்டார்கள்.

"சார், அந்தக் கம்பியில கரண்டு வந்திருக்கு" என்றார் ஷீலா. "நீங்க ஈரத்துல நின்னு அதத் தொட்டீக. கரண்டு உங்க வழியாத் தரைக்குக் கசிஞ்சிருக்கு. அதக் கண்டுபிடிச்சு அது நிறுத்தியிருக்கு. இல்லன்னா நீங்க இங்குட்டு உட்கார்ந்திருக்க மாட்டீக."

கட்டுப்பாட்டாளர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த வார்த்தைய நாம தடை பண்ணியிருக்கோம்."

செயலர் முன்னால் சாய்ந்தார். "அப்ப என்கிட்டதான் கசிவுன்னு சொல்றீகளா?"

ஷீலா ஒரு கணம் அவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். யாரும் கேலி செய்யவில்லை. எல்லோரும் நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார்கள். இத்தனை மாதமும் தனக்குத்தான் ஏதோ விளங்கவில்லை என்று அவர் நினைத்திருந்தார். இப்போது அந்த நினைப்பு விட்டுப்போனது.

"இல்ல சார்" என்றார். "தப்பு அதுமேலதான்."

அறையில் இறுக்கம் தளர்ந்தது. கலையரங்கத்தில் முன்பு இருந்தபடியே நேர் இணைப்பு கொடுத்துவிடுவது என்றும், கருவியைப் பணியிடை நீக்கம் செய்து முதல்வரின் பீரோவில் வைத்துப் பூட்டுவது என்றும் தீர்மானம் எழுதினார்கள்.

"பீரோவுல வச்சா அதுக்கு ஓய்வுதானே சார்?" என்றார் ஷீலா. "தப்புப் பண்ணுன ஆளுகள வேற எடத்துக்குத் தூக்கி அடிக்கிறதுதானே நம்ம வழக்கம்? எங்கயாவது மோசமான எடமாப் பார்த்து."

செயலருக்கு அதில் ஆர்வம் உண்டாயிற்று. "எந்த இடம்?"

"விடுதிச் சமையக்கட்டு இருக்கு சார். ஒரே புகை. ஈரம். பாராட்டவும் ஆளு கிடையாது."

"இருக்கட்டும்" என்றார் செயலர். "அப்பத்தான் புத்தி வரும்."

முத்துக்கண்ணனிடம் அன்றே சாவி கொடுக்கப்பட்டது.

மறுநாள் விடியற்காலையில் ஷீலா பழக்கத்தில் சுவிட்ச் பக்கம் போய் நின்றார். யூஜினியா பலகைமேல் ஏறி, கிரைண்டரை ஓடவிட்டு, மாவு வழிக்கக் கை வைத்தார். 'டக்' என்றது. ஷீலாவின் விரல் சுவிட்சுக்குப் போவதற்குள் கல் சுற்றுவது குறைந்து நின்றது. யூஜினியா தன் விரல்களை விரித்து மூடிப் பார்த்தார்.

"சுருக்குன்னுச்சு டீச்சர். அவ்வளவுதான்."

ஷீலா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். யூஜினியா அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். கிரைண்டரைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பினார்கள். அது வரும் வரை விடுதியில் உப்புமா.

உப்புமாவுக்கு விளக்கம் கேட்டு ஷீலாவுக்குக் குறிப்பாணை வந்தது. மின்னரண் காரணமாக இட்லி நின்றதாக அவர் பதில் கொடுத்தார். அந்தப் பதில் திருப்தியளிக்கவில்லை என்று அவரைத் துணைக் காப்பாளர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். அன்று முதல் அவர் நன்றாகத் தூங்கினார்.

சில வாரம் கழித்து வேதியியல் துறை ஜெரினா அவரைத் தேடி வந்தார். ஆய்வகத்தில் தண்ணீர் காய்ச்சும் கருவி மாணவிகளுக்கு ஷாக் அடிக்கிறது, முதல்வரிடம் சொன்னால் குழு போடலாம் என்கிறார், சமையற்கட்டுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்.

"லேபுக்குன்னு கேக்காதீக" என்றார் ஷீலா. "கலையரங்கத்துல இப்ப ஒண்ணும் இல்ல. அங்குட்டு வேணும்னு கேளுங்க, உடனே வாங்குவாக. ஆண்டு விழாவுல செயலர் பேசுறப்ப அது ஒரு தடவ கட்டாகணும். அப்புறம் தண்டனையா உங்க லேபுக்கு அவுகளே அனுப்பி வைப்பாக."

ஜெரினா யோசித்தார்.

"முந்நூறு மில்லியா வாங்கிட்டு வந்து, அது கட்டாகலைன்னா?"

"கட்டாகலைன்னா மறுநாள் காலேஜ் லீவு" என்றார் ஷீலா.